‘வெறி’ என்ற சொல்லைப் படிப்பதும் எழுதுவதும்: இரண்டு கரைக்காரர்களுக்கும் ஒரு கையேடு

சென்ற ஆண்டு ஒரு சிறுகதைத் தொகுப்பு மெய்ப்புக்கு வந்தது. எழுதியவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய மூலப்படியில் ஒரு வரி இப்படி இருந்தது: “ஐயா நல்ல வெறியோடை வந்து திண்ணையிலை இருந்து பாடினார்.” எனக்கு முன்னால் அந்தப் படியைப் பார்த்த தம்பி, நல்ல படிப்பாளி, சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அதை “ஐயா கடும் ஆத்திரத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து பாடினார்” என்று மாற்றியிருந்தார். ஆத்திரத்தோடு வந்தவர் எதற்குப் பாடுகிறார் என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார்.

கதையில் அந்த ஐயா மாதத்தில் ஒரு நாள்தான் கள்ளுக் குடிப்பார். அன்றைக்கு மட்டும்தான் பாடுவார். அந்தப் பாட்டுக்காக மகள் படுக்காமல் காத்திருப்பாள். ‘வெறி’ ஆத்திரமாக மாறிய உடனே அந்தப் பெண் கோபக்கார அப்பாவுக்குப் பயந்து விழித்திருக்கும் பிள்ளையாகிவிட்டாள். ஒரு சொல்தான் மாறியது, கதையே தலைகீழாகிவிட்டது.

நானும் அந்த வடமராட்சியில்தான், கரவெட்டியில் பிறந்தவள். 1990இல், பதினொரு வயதில், படகில் மண்டபம் வந்து அங்கிருந்து திருச்சிப் பக்கம் ஒரு அகதி முகாமில் வளர்ந்தேன். இப்போது சென்னையில் மெய்ப்புப் பார்ப்பது தொழில். வீட்டில் அம்மாவோடு பேசுவது ஒரு தமிழ், வெளியே பேசுவது இன்னொரு தமிழ். இரண்டுக்கும் நடுவில் அதிகம் வழுக்கும் சொல் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ‘வெறி’ என்பேன். ஈழத்துக் கதைகளைப் படிப்பவர்கள், திருத்துபவர்கள், படங்களுக்கு வசன வரி (சப்டைட்டில்) எழுதுபவர்கள், ஆஸ்பத்திரியிலும் காவல் நிலையத்திலும் யாருக்காவது பேச்சுத் துணையாகப் போகிறவர்கள் எல்லோருக்கும் உதவட்டும் என்று எனக்குத் தெரிந்த வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில்

முகாமுக்கு வந்து சில மாதம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் சித்தப்பா திடீரென்று உளறத் தொடங்கினார். சட்டை முழுக்க வேர்வை. எழுந்து நின்றால் தள்ளாடினார். பேர் கேட்டால் வேறு எதையோ சொன்னார். அம்மாவும் பக்கத்துக் குடிசை அண்ணையும் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

வாசலில் இருந்த நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “என்னம்மா, தண்ணியா?” என்று கேட்டார். அம்மா பதற்றத்தில் இருந்தாள். “ஓம் ஓம், தண்ணி குடுத்தனாங்கள்” என்றாள். வழியில் ஒரு கடையில் வாங்கிப் புகட்டிய தண்ணீரைத்தான் அவள் சொன்னாள். நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு, ஓரமாக உட்கார வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அம்மாவுக்கு அந்தக் கேள்வியின் பொருள் உறைத்தது. ஓடிப்போய், “ஐயோ, வெறியில்லை! அவருக்கு வெறியில்லை, சலரோகம்!” என்று கத்தினாள். நர்ஸ் திடுக்கிட்டு, “வெறியா? நாய் கடிச்சுதா?” என்று கேட்டார்.

எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பெஞ்சில் சாய்ந்திருந்த சித்தப்பாவின் உதடு வெளுத்துப்போயிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு வயதான ஆயாதான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து சொன்னார்: “சிஸ்டர், அவரு குடிக்கலைங்குறாங்க. சக்கர வியாதியாம்.” அவருக்கு ராமேஸ்வரம் பக்கம் ஊர். கரையில் வந்து இறங்கிய எங்கள் ஆட்களின் பேச்சு பழக்கம். அதற்கப்புறம்தான் ஆட்கள் ஓடி வந்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். காலையில் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டதில் சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. சித்தப்பா பிழைத்துக்கொண்டார்.

‘தண்ணி’, ‘வெறி’, ‘சலரோகம்’ என்று மூன்று சொல். மூன்றும் தமிழ். மூன்றும் ஒரு மேசையின் இரண்டு பக்கமும் வேறு வேறு பொருளோடு நின்றன. நான் சொற்களின் பக்கம் வந்தது அந்த நாளால்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது

யாழ்ப்பாணப் பேச்சில் ‘வெறி’ என்றால் குடித்ததால் வரும் மயக்கம். அவ்வளவுதான். அதில் கோபம் இல்லை, கொலை இல்லை, பைத்தியம் இல்லை. “ஆள் நல்ல வெறி” என்றால் நன்றாகக் குடித்திருக்கிறார். “வெறியிலை நிக்கிறார்” என்றால் இப்போது போதையில் இருக்கிறார். “வெறி முறியட்டும், பிறகு கதைப்பம்” என்றால் தெளிந்த பிறகு பேசலாம். இதைச் சொல்லும் மனைவியின் குரலில் அலுப்பு இருக்கலாம், சிரிப்பு இருக்கலாம். சொல் தன்னளவில் சாதுவானது.

தமிழ்நாட்டில் அதே சொல் தனியாக வந்தால் கட்டுக்கடங்காத வேகம். வெறிநாய், கொலைவெறி, வெறிகொண்டு தாக்கினான், வெறித்தனமாகப் படித்தான் எல்லாம் அந்த வழியில் வருபவை. இளைஞர்கள் இப்போது ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு “வெறித்தனம்!” என்று பாராட்டுவதும் அந்த வேகத்தைத்தான்.

இந்தப் பிரிவு எப்படி நின்றது என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் பைத்தியத்துக்கும் மூர்க்கத்துக்கும் ‘விசர்’ என்ற சொல் இருக்கிறது. “உனக்கென்ன விசரே?” என்பது அங்கே அன்றாடக் கேள்வி. தமிழ்நாட்டின் வெறிநாய் அங்கே விசர்நாய். மருத்துவமனைச் சுவரொட்டியிலும் ‘விசர்நாய்க்கடி’ என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சுமையை விசர் எடுத்துக்கொண்டதால் வெறி குடிமயக்கத்தோடு நிம்மதியாக இருந்துவிட்டது. ஆக, ஒரு படைப்பில் ‘விசர்’ என்ற சொல் எங்கேயாவது வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வந்திருந்தால் அந்தப் படைப்பில் தனியாக வரும் ‘வெறி’ பெரும்பாலும் குடிதான். இதுதான் நான் முதலில் செய்யும் சோதனை.

ஆனால் கூட்டுச்சொல்லாக வந்தால் இந்தச் சோதனை வேண்டாம். இனவெறி, சாதிவெறி, மதவெறி, பதவிவெறி என்று எழுதும்போது இரண்டு கரையும் ஒரே பொருளில்தான் எழுதுகின்றன. ஈழத்து அரசியல் கட்டுரையில் ‘இனவெறி’ என்று இருந்தால் அதற்கும் கள்ளுக்கும் தொடர்பில்லை.

வினையைப் பாருங்கள்

பெயர்ச்சொல் ஏமாற்றினாலும் அதற்குப் பின்னால் வரும் வினை ஏமாற்றாது. மெய்ப்புப் பார்க்கும்போது என் கண் முதலில் அங்கேதான் போகும்.

வெறி ‘முறிந்தது’ என்று வந்தால் நிச்சயம் குடி. கோபவெறி தணியும், அடங்கும், முறியாது. ‘வெறியில் நின்றான்’, ‘வெறியோடு வந்தான்’, ‘வெறியில் படுத்துவிட்டான்’ எல்லாம் குடியின் பக்கம். ‘நல்ல வெறி’, ‘நிறைவெறி’ என்று அளவு சொன்னாலும் குடி. இந்த ‘நல்ல’ தமிழ்நாட்டு வாசகரைத் தடுக்கும். அது பாராட்டு இல்லை. “நல்ல மழை” என்கிறோமே, அந்த ‘நல்ல’.

மறுபக்கம், வெறி ‘பிடித்தது’, வெறி ‘கொண்டான்’, வெறியோடு ‘அலைந்தான்’, வெறி ‘ஊட்டினார்கள்’ என்றால் மூர்க்கம்.

நடுவில் நிற்கும் ஒரு வினை உண்டு: ஏறுதல். “அவனுக்கு வெறி ஏறிவிட்டது” என்ற வரியைத் திருச்சியில் படித்தால் கோபம் தலைக்கேறிவிட்டது. பருத்தித்துறையில் படித்தால் உள்ளே போனது வேலை செய்யத் தொடங்கிவிட்டது. இப்படி வரும்போது வரியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். இரண்டு பத்தி மேலே போய், யாராவது எதையாவது குடித்தார்களா என்று தேடுங்கள். சாராயப் போத்தலைத் தேடத் தமிழ்நாட்டு வாசகருக்குத் தெரியும். மற்ற அடையாளங்கள்தான் கண்ணில் படாமல் போகும். ‘தவறணை’ என்றால் கள், சாராயம் விற்கும் கடை. ‘கொட்டில்’ என்பது பல இடங்களில் கள்ளுக்கொட்டில். ‘பிளா’ என்பது பனையோலையை மடித்துக் கோலிய குடிகலம். அதில் கூழும் குடிப்பார்கள் என்பதால் பிளா மட்டும் சாட்சி ஆகாது. ‘கசிப்பு’ என்றால் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சாராயம்.

‘வெறித்துப் பார்த்தான்’, ‘தெரு வெறிச்சோடிக் கிடந்தது’ இரண்டும் இந்தக் கணக்கிலேயே வராது. தென் மாவட்டங்களில் மழை விட்டு வானம் தெளிந்தால் “மழை வெறிச்சிருச்சு” என்பார்கள். அதுவும் தனி.

மாற்றலாமா, விட்டுவிடலாமா

பாத்திரம் பேசும் வசனத்தில் ‘வெறி’ இருந்தால் தொடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கரவெட்டிக் கிழவி “உவருக்கு மப்பு ஏறிட்டுது” என்று சொல்ல மாட்டாள். அவளை அப்படிப் பேச வைத்தால் வாசகருக்குப் புரிந்துவிடும், ஆனால் கிழவி செத்துப்போவாள்.

சரி, புரியாதவர்களுக்கு என்ன செய்வது? அடிக்குறிப்பு எனக்குப் பிடிக்காது. வாசகர் கதையை விட்டு இறங்கிப் பக்கத்தின் அடிக்குப் போய்த் திரும்பி ஏற வேண்டும். அதைவிட, எழுத்தாளரிடம் பேசி, சொல்லுக்குச் சற்று முன்னால் ஒரு தடயம் வைக்கச் சொல்லலாம். அந்தச் சிறுகதையில் அதைத்தான் செய்தோம். நான் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னபோது எழுத்தாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்த மனுசன் ஒரு நாளும் கோபப்பட்டதே இல்லை அக்கா” என்றார். கதை அவருடைய ஐயாவைப் பற்றியது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினார். அச்சில் அது இப்படி வந்தது:

“கள்ளுத் தவறணை மூடுற நேரம் ஒழுங்கையிலை குரல் கேட்டுது. ஐயா நல்ல வெறியோடை வந்து திண்ணையிலை இருந்து பாடினார்.”

இப்போது மதுரை வாசகரும் தடுக்காமல் படிப்பார். ‘வெறி’ என்ற சொல்லும் தன் ஊரிலேயே இருக்கிறது.

கதைசொல்லியின் நடையிலோ, கட்டுரையிலோ, செய்தியிலோ வந்தால் நிலைமை வேறு. தமிழ்நாட்டு வாசகருக்கென்று எழுதும் செய்தியில் ‘வெறியில் வந்த ஓட்டுநர்’ என்று போட்டால் அவர் ஆளைக் கொல்ல வந்தார் என்று ஆகிவிடும். ‘மதுபோதையில்’ என்று எழுதுங்கள். இலங்கைச் செய்தித்தாள்களும் ‘மதுபோதையில் வாகனம் செலுத்திய சாரதி’ என்றுதான் எழுதுகின்றன, எனவே யாருக்கும் அந்நியமாகத் தெரியாது.

தமிழ்நாட்டுச் சொற்களில் எதை எடுப்பது

மாற்றியே ஆக வேண்டும் என்றால் ‘போதை’தான் பொதுச்சொல். ஏறும், இறங்கும், தெளியும், தலைக்கேறும். ஆனால் அது மதுவுக்கு மட்டும் உரியது இல்லை. போதைப்பொருள், போதை மாத்திரை என்று இன்று அந்தச் சொல்லின் பெரும்பகுதியை மற்றவை பிடித்துக்கொண்டுவிட்டன. குடி என்று தெளிவாகத் தெரிய வேண்டிய இடத்தில் ‘குடிபோதை’, ‘மதுபோதை’ என்று முன்னொட்டோடு எழுதுவது நல்லது.

‘குடிவெறி’ என்ற சொல்லும் தமிழ்நாட்டில் உண்டு. ஈழத்து ‘வெறி’க்கு அதுதானே நேர்ச்சொல் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். தமிழ்நாட்டுச் செய்திகளில் ‘குடிவெறியில்’ என்று தொடங்கும் வரி அநேகமாக அடியிலோ வெட்டிலோதான் முடியும். ஈழத்துக் கதையில் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனுக்கு அது பொருந்தும். திண்ணையில் பாடும் ஐயாவுக்குப் பொருந்தாது.

‘மப்பு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். வானம் மூடியிருப்பதுதான் மப்பு. ‘மப்பும் மந்தாரமுமாக’ என்று சொல்வோம். மேகம் வெயிலை மறைத்த மாதிரி குடி ஒருவருடைய புத்தியை மறைத்து நிற்கிறது என்று கண்டவர் யாரோ, பெரிய கவிஞராகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் “லேசான மப்பு” என்பது அவ்வளவு இயல்பாக ஒலிக்கிறது. ஆனால் பேச்சுச் சொல், நண்பர்களுக்குள் புழங்குவது. நீதிமன்றச் சாட்சியத்திலோ இரங்கல் கட்டுரையிலோ வராது. இங்கே எதிர்ப்பக்கத்து வழுக்கலும் உண்டு: அம்மாவிடம் “அவர் மப்புல இருக்கார்” என்றால் இன்றைக்கும் அவள் சன்னல் வழியாக வானத்தைத்தான் பார்ப்பாள். ஈழத்து வாசகருக்கு எழுதுகிறவர்கள் அதை மனத்தில் வையுங்கள்.

‘தண்ணி’யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆஸ்பத்திரிக் கதையே போதும். ‘தண்ணி அடித்தார்’, ‘தண்ணி போட்டார்’ என்று வினையோடு சேர்ந்தால் மது என்பது தெளிவு. வெறும் ‘தண்ணியா?’ என்ற கேள்வியை நோயாளியின் குடும்பத்திடம் கேட்காதீர்கள். ‘சரக்கு’ குடிக்கும் பொருள், போதையின் பெயர் அல்ல. ‘மட்டை’ என்றால் நினைவில்லாமல் விழுந்துவிட்ட நிலை. தள்ளாடி நடப்பவரை மட்டை என்று எழுதினால் பிழை.

உவமையாக எழுதும்போது ஒரு நுட்பம் இருக்கிறது. ‘பதவி போதை’, ‘பதவி வெறி’ இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. போதை என்பது கிடைத்த பிறகு வருவது; நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் கண் மறைக்கிறது. வெறி என்பது கிடைக்காததை நோக்கி ஓடுவது. நாற்காலிக்காக அவர் எதையும் செய்யத் துணிகிறார். நீங்கள் சொல்லும் ஆள் உட்கார்ந்துவிட்டாரா, ஓடிக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லை எடுங்கள்.

ஆளைக் குறிக்கும் சொல்

நிலை வேறு, ஆள் வேறு. ‘வெறியில் இருக்கிறார்’ என்பது இன்று மாலை பற்றியது. யாழ்ப்பாணத்து ‘வெறிக்குட்டி’ அவருடைய வாழ்நாள் முழுவதையும் பற்றியது, தமிழ்நாட்டுக் குடிகாரன் போல. ‘குட்டி’ என்று முடிவதால் செல்லப்பெயர் என்று எண்ணி, ஒரு மொழிபெயர்ப்பில் ‘குட்டிக் குடிகாரன்’ என்று போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அது செல்லமில்லை. ஒருவர் போன பிறகு முதுகுக்குப் பின்னால் சொல்வது. அவருடைய பிள்ளைகள் காதில் விழுந்தால் சுருக்கென்று தைப்பது. எங்கள் ஒழுங்கையில், அதாவது சந்தில், ஒரு பெண்ணை ‘வெறிக்குட்டியின்ரை மகள்’ என்றுதான் சொல்வார்கள். அவளுடைய உண்மையான பெயர் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் டீச்சர் இடாப்புக் (வருகைப் பதிவேடு) கூப்பிட்டபோதுதான்.

விட முடியாமல் குடிப்பவரைப் பற்றி உங்கள் சொந்த நடையில் எழுதும்போது ‘குடிநோயாளி’ என்று எழுதலாம். மறுவாழ்வு மையங்களில் வேலை செய்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு நாள் குடித்தவரை அப்படி எழுதக் கூடாது. ஒரு நாளைக் கொண்டு ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவதும் அநியாயம்தான்.

பழைய பாட்டில் வந்தால்

சங்கப் பாட்டில் ‘வெறி’ வந்தால் குடியும் இல்லை, கோபமும் இல்லை. தலைவி மெலிந்து போகிறாள். முருகன் அணங்கியதால், அதாவது பிடித்து வருத்தியதால் வந்தது என்று நினைத்துத் தாய் முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். களம் அமைத்து, பலி கொடுத்து, அவன் சாமி வந்து ஆடுவதுதான் வெறியாட்டு. அதைப் பாடியதாலேயே ஒரு புலவருக்கு ‘வெறிபாடிய காமக்கண்ணியார்’ என்று பேர் நின்றுவிட்டது. ‘வெறி கமழும்’ என்று வந்தால் மணம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைத் திறந்தால் ஆட்டம், மணம், பித்து, குடிமயக்கம் எல்லாம் ஒரே தலைச்சொல்லின் கீழ் அடுத்தடுத்து இருக்கும். தன்வசம் இல்லாத நிலை என்ற ஒரு நூல் இவற்றில் பலவற்றைச் சேர்த்துக் கட்டுகிறது என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் காலத்தில் போதைக்கு என்ன சொன்னார்கள்? இரண்டு சொல்லைத் தெரிந்துகொண்டால் நிறையப் பாட்டு திறந்துகொள்ளும். இரண்டும் இன்று மகிழ்ச்சிக்கு ஆகிவிட்ட சொற்கள்.

ஒன்று ‘மகிழ்’. புறநானூற்றின் 123ஆம் பாட்டில் மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடுகிறார்:

“நாட்கள் உண்டு நாள்மகிழ் மகிழின்
யார்க்கும் எளிதே தேர்ஈ தல்லே”

பகலிலேயே கள்ளைக் குடித்து அந்த மயக்கத்தில் இருந்தால் தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது என்கிறார். அடுத்து, மலையன் ‘மகிழாது ஈத்த’ தேர்கள் முள்ளூர் மலை உச்சியில் விழும் மழைத்துளியைவிட அதிகம் என்கிறார். இன்றைய பொருளில் படித்தால் மலையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேர் கொடுத்தான் என்று வரும். புகழ்ச்சி இகழ்ச்சியாகிவிடும். ‘மகிழாது’ என்றால் குடிக்காமல், தெளிந்த புத்தியோடு கொடுத்தான் என்று பொருள். இந்த இடத்தை விளக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணை ஐயா நினைவுக்கு வருவார். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே வழுக்கல்.

இன்னொன்று ‘களி’. குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். அதில் வரும் களித்தான், களித்தறியேன் எல்லாம் குடித்து மயங்குவதைச் சொல்பவை. “ஈன்றாள் முகத்தேயும் இன்னாதால் என்மற்றுச் சான்றோர் முகத்துக் களி” என்கிறது 923ஆம் குறள். பெற்ற தாய்க்கே பார்க்கச் சகிக்காத அந்தக் களி, இன்றைய களிப்பு இல்லை, குடிமயக்கம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தச் சொல்லை முதலில் திறந்து காட்டிவிட்டு அப்புறம் குறளுக்குப் போங்கள். இல்லையென்றால் ‘சந்தோஷமாக இருந்தால் அம்மாவுக்கு ஏன் பிடிக்காது?’ என்று கேட்பார்கள். என் மகள் கேட்டாள்.

படிவத்தில் எழுதும்போது

இதுவரை சொன்னது இலக்கியம். வாக்குமூலம், விபத்துக் குறிப்பு, மருத்துவச் சீட்டு என்று வந்தால் ‘வெறி’, ‘போதை’ இரண்டையுமே கடைசிவரை தள்ளி வைக்கச் சொல்வேன். அவை நாம் கண்டது இல்லை, கண்டதிலிருந்து நாம் எடுத்த முடிவு.

மூன்று செய்திகளை ஒன்றாகக் குழைத்துவிடுவதுதான் வழக்கமான பிழை. குடித்திருந்தார் என்பது ஒன்று. குடியால் நிதானம் இழந்திருந்தார் என்பது இன்னொன்று. குடிப்பழக்கம் உள்ளவர் என்பது மூன்றாவது. அரசு மருத்துவர் தரும் சான்றில்கூட ‘மது அருந்தியிருக்கிறார், ஆனால் மதுவின் ஆதிக்கத்தில் இல்லை’ என்று பிரித்து எழுத இடம் உண்டு. வாகனம் ஓட்டுவதில் இந்தியச் சட்டம் ஒரு எண்ணை வைத்திருக்கிறது: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. எண் தெரியாத இடத்தில் ‘குடிபோதையில் ஓட்டினார்’ என்று நீங்களாக எழுதாதீர்கள். ‘மது வாடை அடித்தது’ என்று எழுதுங்கள், அடித்திருந்தால்.

கண்டதை மட்டும் எழுதுவது எப்படி? பேச்சு எப்படி இருந்தது: குழறியதா, கேட்டதற்குப் பதில் வந்ததா. நடை எப்படி. வியர்வை உண்டா. வாயில் வாடை உண்டா, இல்லையா. தலையில் அடி இருக்கிறதா. பேர், ஊர், நாள் சொல்லத் தெரிகிறதா. இதில் ‘வாடை இல்லை’ என்பதையும் எழுத மறக்காதீர்கள். சர்க்கரை இறங்கியவர், தலையில் அடிபட்டவர், பக்கவாதம் வரத் தொடங்கியவர், வலிப்பு வந்து சற்று முன் ஓய்ந்தவர் எல்லோரும் பார்வைக்குக் குடித்தவர் போலவே இருப்பார்கள். வாடை இருந்தாலும்கூட மற்றது இல்லை என்று ஆகாது. குடித்தவருக்கும் சர்க்கரை இறங்கும், குடித்துவிட்டு விழுந்தவருக்கும் மண்டை உடையும்.

நீங்கள் பேச்சுத் துணையாகப் போனால், கேட்ட சொல்லையும் அதன் பொருளையும் சேர்த்தே சொல்லுங்கள்: “வெறியில்லை என்கிறார், அதாவது குடிக்கவில்லை என்கிறார்.” ஈழத்து நோயாளியோடு போகிறவர்கள் இன்னும் சிலவற்றையும் தெரிந்து வைத்திருங்கள். சலரோகம், சீனி வருத்தம் இரண்டும் சர்க்கரை நோய். ‘வருத்தம்’ என்றாலே நோய்தான், மனக்கவலை இல்லை. ‘சத்தி’ என்றால் வாந்தி. ‘குளிசை’ என்றால் மாத்திரை. ‘காலமை’ என்றால் காலையில். ‘தலைச்சுத்து’ தலைச்சுற்றல்தான், அது இரண்டு பக்கமும் ஒன்று.

முகாம்களில் மருத்துவ முகாம் நடக்கும் நாட்களில் இப்போதும் நான் போய் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்வேன். யாராவது உளறிக்கொண்டு வந்தால், பேர் எழுதுவதற்கு முன்னால் கூட வந்தவரிடம் கேட்பது: “காலமை சாப்பிட்டவரே? என்ன குளிசை போட்டவர்?”